வாய் திறக்காத சீற்றுகள்

வெள்ளிமீன் எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் இணையத்தளத்தில் நாற்பத்துநாலு சீற்றுகள் இருந்தன. நாற்பத்துநாலுக்கும் ஒரே பெயர்தான். ஹிமாயா கீழ் அம்பு விசையைத் தட்டத் தட்ட, மடிக்கணினியில் இருந்த ஸ்கிரீன் ரீடர் அலுப்போ வெட்கமோ இல்லாமல் "கிளிக்கபிள், கிளிக்கபிள், கிளிக்கபிள்" என்று ஒப்புவித்துக்கொண்டே போனது. அழுத்தலாம் என்கிறது. எதை அழுத்துகிறோம், அழுத்தியதும் என்ன நடந்தது, அந்த இடத்தை வேறு யாரும் முன்பே எடுத்துவிட்டார்களா என்று அறிய நினைத்தால் வாய் திறக்காது. கண் தெரிகிறவர்களுக்கு அங்கே ஒரு பஸ்ஸின் படம் இருந்ததாம். இருக்கட்டும், யாருக்கு லாபம்?

ஹிமாயாவுக்கு ஒன்பது வயதில் பார்வை போனது. இப்போது இருபத்தாறு. சாய்ந்தமருதில் உம்மாவோடும், காக்கா என்று கூப்பிடும் அண்ணனோடும் இருக்கிறாள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் அந்த மென்பொருளை வைத்துக்கொண்டே பட்டம் முடித்தவள். அது வாசிக்கிற வேகத்தைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. ஒரு கம்பனியின் வாடிக்கையாளர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதில் எழுதும் வேலை. எடுபட்டால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்க வேண்டும். தங்குவதற்கு வெள்ளவத்தையில் தோழி அம்ஹாவின் அறை இருந்தது. இரவு பஸ்ஸில் தனியே அனுப்ப உம்மா மாட்டா. இடம் பதிந்துகொண்டு பகலில் போகக்கூடிய பஸ் வெள்ளிமீன் ஒன்றுதான். வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அதில் புறப்பட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டில் மிஹ்லார் காக்கா ஒரு நிபந்தனை போட்டார். முப்பத்தைந்து வயது, ஹாட்வெயார் கடைக்காரர், தங்கை மேல் உயிர்.

"நீ தனியப் போறதென்டா தனியவே சீற்றையும் எடு. ஒரு பஸ் சீற் எடுக்க ஏலாம என்னைக் கூப்பிட்டியென்டா, கொழும்புக்கும் நான் கூட வருவன்."

கேட்பவர்களுக்கு இது பாசமாகத்தான் தெரியும். ஹிமாயாவுக்கு அப்படித் தெரியவில்லை. போன வருடம் ஒரு நேர்முகத்துக்குக் காக்கா கூட வந்திருந்தார். அங்கே இருந்த அதிகாரி அவளை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்டார்: தங்கச்சிக்கு டைப் பண்ணத் தெரியுமா, தங்கச்சி தனியாகச் சாப்பிடுவாவா, பாத்றூம் போவாவா. காக்காவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஹிமாயா வாயைத் திறக்க முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. வேலையும் கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் அவர் பக்கத்தில் இருந்தால் அதே கதைதான் என்பது அவளுக்கு நிச்சயம்.

ஆகவே திங்கட்கிழமை காலை முழுவதும் அந்த நாற்பத்துநாலோடு மல்லுக்கட்டினாள். முதல் தடவை சீற்றுப் படம் திறந்ததே தெரியவில்லை. பக்கத்தின் மேலே ஒரு பெட்டி விரிந்து நிற்க, ரீடர் அதன் அடியில் கிடந்த பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை எப்படியோ பெட்டிக்குள் நுழைந்து ஐந்தாவது கிளிக்கபிளை அழுத்தினாள். சத்தமில்லை. பக்கத்தின் அடிவரை இறங்கிப் போய்ப் பார்த்தால், "தெரிவு செய்த ஆசனம்: இல்லை." யாரோ முன்பே எடுத்த சீற் போலும். திரும்ப மேலே ஏறி ஆறாவதை அழுத்தினாள், திரும்பக் கீழே இறங்கினாள். இல்லை. இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் முதல் படிக்குப் போய்விட்டது. பதிவதற்கு ஐந்து நிமிடம்தான் என்பதும், மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் நாலாம் தடவைதான் பிடிபட்டது. கடிகாரத்துக்கும் வாயில்லை.

ஏழாம் தடவை ஒரு சீற் அகப்பட்டது. பதினெட்டு. பெயர், பால், தொலைபேசி இலக்கம் எல்லாம் கொடுத்து முடித்ததும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: ஆசனம் உறுதி. ஹிமாயா உச்சி குளிர்ந்துபோய் உம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொன்னா.

அந்தச் சந்தோசம் பகல் சாப்பாடு வரைக்கும்தான். காக்கா கடையால் வந்து, கை கழுவ முன்னமே தன்னுடைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"பதினெட்டு சரி. பதினேழு நீலமா இரிக்கே."

"நீலமென்டா?"

"ஆம்புளை. பொம்புளைகள்ற சீற் றோஸ். காலியா இரிக்கிறது வெள்ளை. நீ போய் ஆம்புளைக்குப் பக்கத்துல எடுத்து வச்சிரிக்காய்."

இந்த ஊர்ப்பக்கம் ஒரு பெண்ணுக்குச் சீற் எடுப்பவர்கள் ஜன்னலைப் பார்ப்பது பிறகுதான். முதலில் பார்ப்பது பக்கத்து ஆளை. பஸ்காரர்களுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அவ்வளவு அக்கறையாக நிறம் பூசி வைத்திருந்தார்கள். அந்த அக்கறை முழுவதையும் நிறத்திலேயே வைத்துவிட்டு, ஒரு சொல்லில் கூட வைக்காமல் விட்டதுதான் அவர்களுடைய கெட்டித்தனம்.

"எட்டு மணித்தியாலம் அறியாத ஆம்புளைக்குப் பக்கத்துலயா?" என்று உம்மா நெஞ்சில் கை வைத்தா.

"பஸ்கார முபாறக் ஹாஜியாருக்கு ஒரு போன் கோல் எடுத்தா முடிஞ்சி," என்றார் காக்கா. "ரெண்டு சீற்றாச் சொல்றன். உனக்கொன்டு, எனக்கொன்டு."

"கோல் எடுக்காதீங்க காக்கா. நாளைக்கு நானே போய் மாத்திக்கிறன்."

"அங்க போய்க் கேட்டு மாத்தினா அது நீ எடுத்ததா?"

"கேட்டு மாத்தப் போகல்ல. அவங்க அந்தப் பக்கத்தைத் திருத்துவாங்க. மறுகா நான் இருந்து எடுப்பன்."

காக்கா சிரித்தார். "உனக்கு ஒரு ஆளுக்காக வெப்சைட்ட உடைச்சுக் கட்டப் போறாங்களா?"

"கட்டத்தான் வேணும்," என்றாள் ஹிமாயா.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஓட்டோ பிடித்து, வெள்ளைத் தடியும் மடிக்கணினிப் பையுமாகக் கல்முனைப் பிரதான வீதியில் இறங்கினாள். வெள்ளிமீன் அலுவலகக் கதவைத் திறந்ததும் குளிரும், பிளேன்ரீ வாசமும், யாரோ தொலைபேசியில் சத்தம் போடுவதும் ஒன்றாக வந்தன. சாகாமத்து வயலுக்கு ஏன் இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை என்று வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது அந்தக் குரல். குரலுக்குரியவர்தான் பஸ் முதலாளி முபாறக் ஹாஜியார். அவளைக் கண்டதும் போனை வைத்தார், தன் கையாலேயே கதிரை இழுத்துப் போட்டார், பிளேன்ரீ சொன்னார். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்ட மனிதரோடு சண்டை பிடிப்பது லேசு.

ஹிமாயா சீற்றுக் கதையை முழுவதும் சொன்னாள். ஹாஜியாருக்கு மனம் பொறுக்கவில்லை.

"இதுக்கா மகள் இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு கோல் எடுத்திருந்தா முன் சீற்ற நானே எழுதி வச்சிருப்பனே."

"கோலில சீற் இல்லை என்டு போட் போட்டிருக்கீங்களாமே, ஹாஜியார்."

அந்த அறிவிப்புப் போட் சுவரில் இருந்தது உண்மைதான். போன வருடம் வரைக்கும் சொந்தக்காரர்களும் சொந்தக்காரர்களின் சம்பந்திகளும் போன் போட்டு, ஒரே முன் சீற்றை மூன்று பேருக்கு எழுதுவித்து, பஸ் வாசலில் நின்று மல்லுக்கட்டி, கடைசியில் ஹாஜியாரோடு கோபித்துக்கொண்டு போவார்கள். இரண்டு கல்யாணத்துக்கு அவருக்கு அழைப்பு வராமல் போனதே அந்தச் சீற்றால்தான். அதனால்தான் இணையத்தளம் செய்வித்து, போட்டும் அடித்து மாட்டியிருந்தார்.

"அது மத்தவங்களுக்கு மகள். உங்கள மாதிரி ஆக்களுக்கு இல்ல."

உங்களை மாதிரி ஆக்கள். பள்ளிக்கூடத்தில், வங்கியில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் இந்தச் சொல் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். ஹிமாயாவுக்குக் கோபம் வந்தது.

"அந்த ஆக்கள்ல ஒருத்தியா ஏற நான் வரல்ல ஹாஜியார். மத்தவங்கள்ல ஒருத்தியா ஏறத்தான் வந்தன்."

மாட்டிக்கொண்ட நேரங்களில் எல்லா முதலாளிமாரும் செய்வதை ஹாஜியாரும் செய்தார், வேலையாளைக் கூப்பிட்டார். மூலைக் கணினியில் இருந்து தர்மிகன் எழும்பி வந்தான். பாண்டிருப்பைச் சேர்ந்தவன். அந்தத் தளத்தை ஒற்றை ஆளாகக் கட்டியவன். அதில் அவனுக்குப் பெருமையும் இருந்தது, குரலிலேயே கேட்டது.

"மிஸ், நிறம் போட்டுத்தானே வச்சிருக்கு. றோஸ் எண்டா லேடீஸ். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்."

"எனக்கு விளங்காது."

"ஓம், அது சரிதான்... வீட்டில ஆரையும் பாத்துச் சொல்லச் சொன்னா..."

"நீங்க கட்டின பக்கம்தானே. நீங்க ஒரு சீற் எடுங்க பாப்பம்." ஹிமாயா மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் திரை எப்போதும் அணைந்தேதான் கிடக்கும். அவளுக்குப் பற்றரி மிச்சம். இயர்போனைக் கழற்றி ஒலிபெருக்கியைப் போட்டாள். "திரை இல்ல, மவுஸ் இல்ல. இந்தக் குரல் மட்டும்தான்."

தர்மிகன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான். திகதியைப் போட்டான், சீற்றுப் பெட்டியைத் திறந்தான், அம்பு விசையைத் தட்டினான். கிளிக்கபிள். கிளிக்கபிள். பத்துப் பதினைந்து தட்டுக்குப் பிறகு அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்ப எத்தினையாவது சீற்றில நிக்காய்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"தெரியா ஹாஜியார்."

"நீ கட்டின பஸ்தானே?"

பார்சல் அனுப்ப வந்து நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். தர்மிகன் எதையோ அழுத்தினான். சத்தமில்லை. இன்னொன்றை அழுத்தினான். அதற்கும் இல்லை. விடாப்பிடியாக அழுத்திக்கொண்டிருந்தவனிடம் அந்தக் குரல் திடீரென்று "பயணத் திகதி" என்றது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அஞ்சு நிமிசம் முடிஞ்சி," என்றாள் ஹிமாயா. "முதல் பக்கத்துக்கு வந்திட்டீங்க. நான் நேத்துக் காலை முழுக்க இதுலதான் இருந்தன்."

தர்மிகன் கதிரையைப் பின்னால் தள்ளிய சத்தம் கேட்டது. ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"விளங்கிற்று மகள். பிழைதான். இப்போதைக்கு உங்கட சீற்ற நான் மாத்தி விடுறன். இவன் இத ஆறுதலாச் செய்யட்டும்."

"ஆறுதலா என்டா எப்ப ஹாஜியார்? எனக்கு இன்டைக்கு ஒரு சீற்றத் தந்து அனுப்பிற்றீங்கென்டா, நான் வெளிய இறங்கினதும் இத மறந்திருவீங்க. எனக்குப் பிறகு வாறவ திரும்பவும் ஏழு தரம் ஏறி இறங்குவா."

"அப்பிடியில்ல மகள்..."

"மாத்தவே வேணாம். பதினெட்டு எனக்கு உறுதி, மெசேஜ் வந்திரிக்கி. நான் அதுலயே இரிக்கன். பதினேழுல வாற ஆம்புளைக்கும் ஒன்டும் செய்ய ஏலா. வெள்ளிமீன்ல பொம்புளைப் புள்ளைகள ஆம்புளைக்குப் பக்கத்துல போட்டு அனுப்புறாங்க என்டு ஊர் கதைக்கும். கதைச்சாக் கதைக்கட்டும்."

இந்த இடத்தில் ஹாஜியாருக்கு வேர்த்தது. டயர் வெடித்தால் தாங்குவார், என்ஜின் பிடித்தாலும் தாங்குவார். ஊர்வாயை அவரால் தாங்க முடியாது.

"தர்மிகன்," என்றார், "இவ சொல்றதச் செய்."

"ஒரு கிழமையாவது வேணும் ஹாஜியார்."

"முதல்ல சீற்றுகள மட்டும் செய்யுங்க," என்றாள் ஹிமாயா. "படம் கிடக்கட்டும், அத ஒன்டும் செய்ய வேணாம். ஒவ்வொரு சீற்றையும் பொத்தானா வைங்க. அதுக்குள்ள நம்பர், ஜன்னலா நடைபாதையா, காலியா ஆள் இரிக்கா, பக்கத்துல ஆணா பெண்ணா, எல்லாத்தையும் எழுத்துல வைங்க. பெட்டி திறந்தா என்ன அதுக்குள்ள கூட்டிப் போகணும். நான் ஒன்ட எடுத்தா எடுத்தது என்டு சொல்லணும். நேரம் முடியுதென்டா முடிய முன்னமே சொல்லணும். நான் இஞ்சயே இரிக்கன். நீங்க செய்யச் செய்ய நான் பாத்துச் சொல்றன்."

சொன்னபடியே இருந்தாள். முதல் பிளேன்ரீ ஆறிப்போய் இரண்டாவது வந்தது. அவன் ஒன்றைத் திருத்துவான், அவள் தட்டிக் கேட்பாள், "இல்ல, நம்பர் சொல்லுது, ஆளைச் சொல்லல்ல" என்பாள், அவன் முணுமுணுத்துக்கொண்டு திரும்பவும் குனிவான். ஒரு கட்டத்தில் கடிகாரத்துக்கும் வாய் வைத்தான். அது வாய் முளைத்த குஷியில் "நாலு நிமிடம் ஐம்பத்தொன்பது செக்கன், நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு செக்கன்" என்று ஒவ்வொரு செக்கனையும் கத்தத் தொடங்கியது. சீற்றின் பெயரைக்கூடச் சொல்ல விடவில்லை.

"இதுக்கு வாயில்லாமலே இருந்திருக்கலாம்," என்றாள் ஹிமாயா. தர்மிகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போது ஒரு தரம் மட்டும் சொல்லும்படி அதை அடக்கி வைத்தான். அதன் பிறகு முணுமுணுப்பு நின்றது. "மிஸ், இத இப்பிடி வச்சா நல்லமா?" என்று அவனே கேட்கத் தொடங்கினான்.

ஹாஜியார் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோதும் இருவரும் அப்படியேதான் இருந்தார்கள். பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறதே என்ற கவலையில் அந்த நல்ல மனிதர் மிஹ்லாருக்குப் போன் போட்டுவிட்டார். கால் மணித்தியாலத்தில் காக்கா சோற்றுப் பார்சலோடு வந்து நின்றார்.

"போதும் ஹிமா. எழும்பு, வீட்ட போவம்."

"இரிங்க காக்கா. திருத்தின பக்கத்த இப்பதான் ஏத்தியிரிக்காங்க. இனித்தான் நான் எடுக்கப் போறன்."

பதினெட்டை ரத்து செய்தாள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். சீற்றுப் பெட்டி திறந்ததும் குரல் தானாகவே உள்ளே போய் நின்றது. ஒலிபெருக்கியில் அலுவலகம் முழுவதும் கேட்டது.

"ஒன்று, ஜன்னல் பக்கம், பதியப்பட்டது, ஆண். இரண்டு, நடைபாதைப் பக்கம், பதியப்பட்டது, ஆண்."

பார்சல் அனுப்ப அப்போது வந்து நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். ஹிமாயா நாற்பத்துநாலையும் ஒருதரம் முழுவதும் கேட்டாள். ஒரு பஸ்ஸுக்குள் முதன்முதலாகத் தானே நடந்து பார்ப்பது போல இருந்தது அவளுக்கு. விசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொன்று, நடைபாதைப் பக்கம், காலி, பக்கத்தில் பெண்."

"அத எடு," என்றார் காக்கா. "அதுதான் சரி."

ஹிமாயா அதில் நிற்கவில்லை. மேலே ஏறிப் பன்னிரண்டுக்கு வந்தாள். ஜன்னல் பக்கம், காலி, பக்கத்திலும் காலி. அழுத்தினாள். "ஆசனம் பன்னிரண்டு தெரிவு செய்யப்பட்டது" என்றது குரல்.

"பக்கத்துல ஆர் வருவாங்க என்டு தெரியாம எடுக்காய்."

"பன்னிரண்டுல ஒரு பெண் இரிக்கா என்டு இனி எல்லாருக்கும் தெரியும் காக்கா. கண் தெரியிறவங்களுக்கு றோஸ் காட்டும், தெரியாதவங்களுக்குச் சொல்லும். வாறவங்க என்னப் பாத்து எடுக்கட்டும். எந்த நாளும் நான்தான் மத்தவங்களப் பாத்து ஒதுங்கணுமா?"

காக்கா கடைசியாக இருந்த துரும்புச் சீட்டை எடுத்துப் போட்டார்.

"என்ன இருந்தாலும் நீ தனிய எடுக்கல்லியே. இவர் உதவி செஞ்சுதானே எடுத்தாய்."

"இவர் எனக்கு உதவி செய்யல்ல. அரைவாசியில விட்ட வேலைய முடிச்சார்."

"ஓம் அண்ணன்," என்றான் தர்மிகன் மெதுவாக. "அவ சொல்றது சரிதான்."

மிஹ்லாரின் குரல் இறங்கிவிட்டது. "உனக்காகத்தானே நான் வாறன் என்டு நிக்கன். போன முறையும் உனக்காகத்தானே கதைச்சன்."

"தெரியும் காக்கா. நீங்க கதைச்சதாலதான் அவங்க என்னோட கதைக்கல்ல."

பார்சலைப் பிடித்திருந்த பொலித்தீன் பை சரசரத்தது. மிஹ்லார் அதை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். ஹிமாயா பெயரை எழுதினாள், பாலை எழுதினாள், இலக்கத்தை எழுதினாள். ஒருமுறைகூடக் கீழே இறங்கிப் போய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. உறுதி என்று அந்தக் குரலே சொன்னது. சொல்லிவிட்டு இன்னொன்றையும் கேட்டது.

"திரும்பும் பயணத்தையும் பதிய வேண்டுமா? ஆம், பொத்தான். இல்லை, பொத்தான்."

"சனிக்கிழமைக்குப் போடு," என்றார் காக்கா.

ஹிமாயா 'இல்லை'யை அழுத்தினாள்.

"வேலை கிடைச்சா திங்கட்கிழமை தொடங்கணும். கிடைக்காட்டி, எந்த பஸ்ஸில எந்தச் சீற்றில வாறதென்டு அங்க இருந்து நானே எடுப்பன்."